ஒன்பதாம் கதிரையின் கிழக்கு

ஜூலை ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பதினைந்து நிமிடம். வெளியே நான்கு பாகைக் குளிர். மழை இல்லை, காற்றும் இல்லை. மகளின் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டுவதற்கு மட்டும் ஆறு நிமிடம் போயிருந்தது. மேற்கு சிட்னியின் ஆஸ்பத்திரி ஒன்றில், டயாலிசிஸ் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அங்கே பன்னிரண்டு சாய்வு கதிரைகள். ஒன்பதாவது என்னுடையது. அதில் ஒரு பெண், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மல்லாந்து படுத்திருந்தார்.

நோயாளி அல்ல. கையில் ஊசி இல்லை; கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது. நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில் ஒரு நீலப் பென்சில் செருகியிருந்தது.

"அது என்னுடைய இடம்" என்றேன் இங்கிலீஷில், கொஞ்சம் சத்தமாகவே.

"தெரியும் அங்கிள். இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கோ" என்று தமிழில் பதில் வந்தது. கண் மட்டும் சீலிங்கை விட்டு இறங்கவில்லை. கதிரைக்கு மேல் மாட்டியிருந்த பலகையில் என் பெயர் இருந்தது. அதை வைத்தே எந்த ஊர் என்று பிடித்திருக்கிறார்.

எனக்கு உடம்பு கூசியது. எங்கள் சனம் ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்க வந்தால் கட்டிலின் விளிம்பில்கூட இருக்காது. வீட்டுக்குப் போனதும் தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் தேத்தண்ணீர் குடிக்கும். இந்தப் பெண் என்னடாவென்றால் நான் விட்டுப்போன தலையணையிலேயே தலையை வைத்திருக்கிறார்.

"நீங்கள் இதில கிடந்து எதைப் பாக்கிறனியள் அங்கிள்?"

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒண்டுமில்லை."

"உந்தச் சீலிங் தட்டில ஓட்டை ஓட்டையா இருக்கே. எண்ணினனீங்களோ?"

எண்ணியிருந்தேன். ஒரு தட்டில் நீளத்துக்கு முப்பத்தாறு, அகலத்துக்கு முப்பத்தாறு, மூலைகளில் திருகாணிக்காக நான்கு குறைவு. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கறை படிந்த தட்டுகள் ஒன்பது. ஆனால் அதை ஒரு புதியவரிடம் சொல்வதா என்று பேசாமல் நின்றேன். அவர் எழும்பித் தலையணையைத் தட்டிவைத்தார். "சரி. எண்ணியிருக்கிறியள்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பத்தாம் கதிரையில் போய்ப் படுத்தார்.

அவர் ஓர் ஓவியர். நோயாளிகள் மணிக்கணக்காகக் கிடக்கும் இடங்களை மனிதர் கிடக்கக்கூடிய இடங்களாக மாற்றுவதற்கென்று ஆஸ்பத்திரி அவரை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. ஓவியர் என்றால் சுவரைப் பார்ப்பார், பின்னால் நகர்ந்து நின்று கண்ணைச் சுருக்குவார் என்று நினைத்திருந்தேன். இவர் எதையும் நின்றுகொண்டு பார்த்து அபிப்பிராயம் சொன்னதே இல்லை. எந்த இடமானாலும் முதலில் படுப்பார். பிறகுதான் வாய் திறப்பார்.

அந்த வாரமே ஒரு தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து சத்திரசிகிச்சை அறை வரைக்கும் தன்னைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். தள்ளிய ஊழியர் பகிடி என்று நினைத்து வேகமாகத் தள்ளியிருக்கிறார். வியாழக்கிழமை என்னிடம் வந்தபோதும் முகம் வெளுத்திருந்தது.

"எழுபத்திரண்டு லைற் அங்கிள். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, கண்ணுக்குள்ள குத்திக்குத்திப் போகுது. எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, தலை சுத்திச் சத்தி வந்திட்டுது. வயித்தை வெட்டப் போற மனுசருக்கு எப்பிடி இருக்கும்?"

"எழுபத்திரண்டோ? சரியா எண்ணினீரோ?"

"ரெண்டு தரம் போய் வந்தனான்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. கணக்கை இரண்டாம் முறை சரிபார்க்கிற மனிதர் இந்தக் காலத்தில் குறைவு.

இங்கே என் நிலைமையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் ஐந்து மணித்தியாலம், இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே விடுகிறது இயந்திரம். ஐந்து மணித்தியாலமும் நான் இருந்ததில்லை. நாற்பது நிமிடத்துக்கு முன்பே மணியை அடித்துக் கழற்றச் சொல்லிவிடுவேன். குளிருது என்பேன், கால் பிடிக்குது என்பேன், மகள் காரில் காத்திருக்கிறாள் என்பேன். அந்த மே மாதம் நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்து, மூச்சு முட்டி, குவேக்கர்ஸ் ஹில் வீட்டிலிருந்து அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் என் மகளைத் தனியே கூப்பிடவில்லை. என் முன்னாலேயே சொன்னார். இப்படி நேரத்தை வெட்டிக்கொண்டு போனால் இரண்டு வருடம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். மகள் அழுதாள். அடுத்த செவ்வாயும் நாற்பது நிமிடத்துக்கு முன்னால் மணியை அடித்தேன்.

தாதி பிலோமினா நாகர்கோவில்காரி. ஊசியைக் கழற்றும்போதெல்லாம் திட்டுவாள். "ஏன் அங்கிள் இப்படிப் பண்றீங்க? சினிமாக்குப் போனா இன்டர்வெல்லோட எந்திரிச்சு வந்துருவீங்களா?"

உண்மையான காரணத்தை நான் அவளிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு, அந்த ஓவியரை மகள் தேநீருக்கு அழைத்தாள். ஹரிஸ் பார்க்கில் வாங்கிய மிக்ஸர் பைக்கற்றோடு வந்தார். எனக்கு உப்பு ஆகாது என்று தெரிந்ததும் அதை அப்படியே தன் பைக்குள் திருப்பி வைத்துவிட்டார். அது நல்ல பழக்கம். மற்றவர்கள் என் முன்னால் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு "ஐயோ, உங்களுக்கு ஏலாதல்லோ" என்று கவலைப்படுவார்கள். தேநீர் முடிந்ததும் கேட்டார்: "அங்கிள், உங்கட கட்டில்ல ஒருக்காப் படுத்துப் பாக்கட்டே?"

மகள் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, அறை ஒண்டும் ஒதுக்கேல்லை, எல்லாம் பரவிக் கிடக்கு…"

"ஒதுக்காமல் இருந்தாத்தான் நல்லம்" என்று அவர் நேரே போய், சேலையோடு என் கட்டிலில் மல்லாந்து படுத்தார். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். சுவரில் என் மனைவியின் படம். கட்டிலுக்கு வலப்பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரம், அதற்குக் குறுக்கே மின்கம்பி, கம்பியில் நான்கு வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள். ஓவியர் பத்து நிமிடம் அசையவில்லை. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"காலமை வெயில் உங்களுக்கு வலப்பக்கத்தால வருது. அப்ப இஞ்ச தெற்கே தலை. அங்க, ஒன்பதாம் கதிரையில, வடக்கே தலை. அதுதானே அங்கிள்?"

நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

"அதுதான் கழட்டிக்கொண்டு ஓடி வாறியள்."

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா? உண்மையாவோ?"

எண்பதை நெருங்கும் வயதில் ஒரு மனிதன் தன் மகளுக்கு முன்னால் இவ்வளவு வெட்கப்படக் கூடாது. நான் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். "பிள்ளை, நான் வடக்கைக் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கினவன்" என்றேன். "வடக்கில ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். அது வெறும் ஒரு திசை. தெரிஞ்சும், அந்தக் கதிரையில சாய்ஞ்ச உடனே அம்மா வந்து, வடக்கே தலை வைச்சுப் படுக்காதே எண்டு உலுப்பிற மாதிரிக் கிடக்கு. நாலு மணித்தியாலத்துக்கு மேல என்னால ஏலாது."

"ஏன் நேர்சிட்டச் சொல்லேல்லை?" என்றாள் மகள்.

"என்னண்டு சொல்ல? காந்தம் எண்டோ? சிரிப்பினம். எதிர்ப்பக்கம் ஒரு கதிரை தாங்கோ எண்டு கேட்டுப் பாத்தன், காத்தடிக்குது எண்டு பொய் சொல்லி. அந்த ஆறும் நிரம்பிப்போச்சு."

ஓவியர் சிரிக்கவில்லை. கதிரையைத் திருப்ப முடியுமா என்று யோசித்தார். முடியாது, தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் சுவரோடு பூட்டியிருக்கின்றன. தலை சுவர்ப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து எழும்பிச் சேலையைச் சரிசெய்துகொண்டே, "அந்த அறையில ஜன்னல் இல்லை" என்றார். "அது எவ்வளவு நல்ல விஷயம் எண்டு இப்பத்தான் விளங்குது."

எனக்கு விளங்கவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் விளங்கியது.

என் கதிரைக்கு மேலே இருந்த ஆறு தட்டுகளைக் கழற்றி, தன் அறைத் தரையில் பரப்பி, தூரிகையால் கீறினார். கீறியதை இரண்டு மேசைகளுக்கு இடையில் பாலம்போல வைத்து, கீழே படுத்துப் பார்த்து, எழும்பித் திருத்தி, மறுபடியும் படுத்து… பிலோமினா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கார் ரிப்பேர் பண்றவங்க மாதிரி கிடக்காங்க அங்கிள், கால் மட்டும்தான் வெளிய தெரியுது" என்றாள். சனிக்கிழமைகளில் ஒரு தட்டைத் தூக்கிவந்து எனக்குக் காட்டுவார். நான் குறை சொல்வேன். ஏழேகால் மணிக்கு நிழல் இவ்வளவு குட்டையாக விழாது என்றேன். நீட்டிக்கொண்டு வந்தார். இப்போது அதிகம் என்றேன். மூன்று முறை மாற்றினார். மூன்றாம் முறை, "கள்ளக் கிழக்குக்கு இவ்வளவு கணக்குப் பாக்கிற ஆளை நான் கண்டதில்லை" என்றார்.

ஆம், அது கள்ளக் கிழக்குத்தான். செப்டெம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தட்டுகளை மாட்டினார்கள். சாய்ந்து பார்த்தேன். யூகலிப்டஸ் கிளைகள், இரண்டு கம்பி, வெள்ளைக் கொக்கட்டூக்கள். ஒவ்வோர் இலையிலும் வலப்பக்கம் மட்டும் பொன்னிறம் விழுந்திருந்தது. என் வலது கைப் பக்கத்தில் எங்கோ சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத அறையில் சூரியன் எங்கே என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. வலப்பக்கம் கிழக்கென்றால் என் தலை தெற்கே.

"கதிரையைத் திருப்பேலாது" என்றார் பக்கத்தில் நின்று. "அதுதான் திசையைத் திருப்பினனான்."

அதோடு விடவில்லை. இலைகளை நான் எண்ணத் தொடங்குவேன் என்று அவருக்குத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று விழும்படி, சிலது பாதி மறைந்து, சிலது நிழலா இலையா என்று தெரியாதபடி கீறியிருந்தார். முதல் எண்ணிக்கை நானூற்றுப் பதினொன்று. இரண்டாவது நானூற்று இருபத்தாறு. எனக்குக் கோபமே வந்துவிட்டது. மூன்றாம் முறை இடப்பக்க மூலையிலிருந்து தொடங்கினேன். வழக்கமான நேரத்துக்குப் பிலோமினா பஞ்சும் பிளாஸ்டருமாக வந்து நின்றாள்.

"டைம் ஆச்சு அங்கிள். எடுத்துரலாமா?"

"பொறு, பொறு. குழப்பாதை. முந்நூற்றி எட்டில நிக்கிறன்."

அவள் பஞ்சை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். ஐந்து மணித்தியாலம் முடிந்து இயந்திரம் தானாகவே மணி அடித்த முதல் நாள் அது. மகள் கார் தரிப்பிடத்திலிருந்து நான்கு முறை போன் எடுத்திருந்தாள், எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று.

நான்காம் கதிரையில் கெவின் என்றொரு பழைய லொறிச் சாரதி கிடப்பார். தனக்கும் வேண்டும் என்றார். லொறியே இல்லாத நெடுஞ்சாலை ஒன்று. மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். பட்டியல் எழுதி முடிவதற்குள் ஓர் உத்தரவு வந்தது.

நோய்த்தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பெண்மணி. சாம்பல்நிறக் கோட், கையில் கோப்பு. அடுத்த திங்கட்கிழமை மேலிடத்துச் சோதனை வருகிறதாம். தட்டில் பூசிய நிறத்தைக் கழுவித் துடைக்க முடியாது. நோயாளிகளின் தலைக்கு மேல் துடைக்க முடியாத பொருள் இருக்கக் கூடாது. ஆகவே ஆறு தட்டையும் வெள்ளிக்கிழமைக்குள் இறக்கவேண்டும். வேறெதுவும் பூசவும் கூடாது. இதை ஒரு வியாழக்கிழமை, பிரிவின் நடுவில் நின்று, ஓவியரிடம் சொன்னார். நான் ஒன்பதாம் கதிரையில் ஊசியோடு கிடந்தேன். என் கையோடு பூட்டியிருந்த இயந்திரம் இரத்த அமுக்கம் கூடிவிட்டதென்று கத்தத் தொடங்கியது. பிலோமினா ஓடிவந்து, "அங்கிள், மூச்சை மெதுவா விடுங்க" என்றாள். என்னால் முடியவில்லை. இறக்கினால் நான் பழையபடி மணியை அடிப்பேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அடித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஓவியர் வாதாடவில்லை. "நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்" என்றார். "ஒரே ஒரு வேண்டுகோள். பத்தாம் கதிரை இன்றைக்குக் காலியாக இருக்கிறது. ஐந்து நிமிடம் அதில் படுத்துப் பாருங்கள்."

"எனக்குப் பத்தரைக்குக் கூட்டம் இருக்கிறது."

"இப்போது பத்து மணி நான்கு நிமிடம்" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் நேரம் சரி.

எதிர்ப்பக்கத்திலிருந்து கெவின் சத்தம் போட்டார்: "படுத்துப் பாருங்கள் அம்மணி! நாங்கள் வாரத்தில் பதினைந்து மணித்தியாலம் கிடக்கிறோம். கதிரை கடிக்காது!"

எல்லாக் கதிரைகளிலிருந்தும் சிரிப்பு. அந்த அம்மா கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி ஓரமாக இருந்தார். பிலோமினா எங்களுக்குச் செய்வதுபோலவே கதிரையின் நெம்புகோலைத் தட்டிவிட்டாள். கால் மேலே போனது, தலை பின்னால் போனது, அதிகாரி மல்லாந்துவிட்டார்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நிமிடம் கோப்பு அவர் மடியில் சரிந்தது. மூன்றாம் நிமிடம் ஒரு விரல் மெதுவாக மேலே எழும்பியது.

"அது என்ன?"

பத்தாம் கதிரைக்கு நேர் மேலே காற்று வரும் துவாரம். அதன் தகடுகளுக்கு உள்பக்கம் கறுத்த தூசி, தாடிபோல, விரற்கடை நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று வரும்போதெல்லாம் அது நோயாளியின் முகத்துக்கு மேல் ஆடும். நின்றுகொண்டு பார்ப்பவருக்குத் தகட்டின் வெளிப்பக்கம்தான் தெரியும். அது வெள்ளையாக, பளபளப்பாக இருக்கும்.

"பதினான்கு தகடு" என்றேன். "பதினொன்றில் தூசி. நான் வந்த நாளிலிருந்து இருக்கிறது."

"என் தலைக்கு மேலேயும் ஒன்று" என்றார் கெவின். "இரண்டு வருடமாக."

"ஏன் யாரும் சொல்லவில்லை?"

"எங்களை யார் கேட்டார்கள்?"

அதிகாரி ஓவியரைப் பார்த்தார், படுத்தபடியே. "உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். இரண்டு கடிதம் எழுதினேன். நின்றுகொண்டு வாசித்திருப்பார்கள்."

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு ஓடவில்லை. எழும்பி, சப்பாத்தைக் கழற்றினார். ஒவ்வொரு காலிக் கதிரையாகப் போய்ப் படுத்தார். ஆள் இருந்த கதிரைகளில் அனுமதி கேட்டு, எங்கள் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து மேலே பார்த்தார். என்னிடம் வந்தபோது என் தோளுக்குப் பக்கத்தில் அவர் காது இருந்தது. ஆறு தட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது" என்றார், தனக்குச் சொல்வதுபோல.

"ஆம். அங்கேதான் கிழக்கு" என்றேன் நான். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் சொல்லாத பொய்.

பத்தரை மணிக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை.

அன்று மாலையே ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். துவாரங்கள் எல்லாம் கழற்றிக் கழுவப்பட்டன. என் ஆறு தட்டையும் வெள்ளிக்கிழமை இறக்கினார்கள். எனக்கு உயிர் போய் வந்தது. துடைக்கக்கூடிய கண்ணாடிப் பூச்சு அடித்து, சனிக்கிழமை காலை நான் வருமுன்னே திரும்ப மாட்டியிருந்தார்கள். திங்கட்கிழமைச் சோதனைக்கு வந்த மூன்று பேரையும் அந்த அம்மாவே படுக்கவைத்தார் என்று பிலோமினா சொன்னாள். "டை கட்டின ஒருத்தர் குறட்டையே விட்டுட்டார் அங்கிள்!" கிறிஸ்மஸுக்கு முன் பன்னிரண்டு கதிரைக்கு மேலும் பன்னிரண்டு வானம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் சோதனைப் படிவத்தில் ஒரு புது வரியும் சேர்ந்தது: 'நோயாளியின் இடத்தில் படுத்துப் பார்க்கப்பட்டது', பக்கத்தில் சரி போட ஒரு பெட்டி. அந்தப் படிவத்தை நான் கண்ணால் பார்த்தேன். பத்தொன்பதாவது வரி.

ஒப்பந்தம் முடிந்ததும் அவர் மெல்பேர்ணுக்குப் போய்விட்டார், ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு முதியோர் ஆஸ்பத்திரிக்கு. கடைசி நாள் கேக் வெட்டினார்கள். எனக்கு ஆகாது. அவர் என் கதிரையடிக்கு வந்து, "போட்டு வாறன் அங்கிள். இலை எத்தினை எண்டு கண்டுபிடிச்சா எழுதிப்போடுங்கோ" என்றார். எழுதவில்லை. விலாசம் வாங்க மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் குறித்துவைக்கிற நான் அதைக் குறிக்கவில்லை.

டாக்டர் கொடுத்த இரண்டு வருடத்தை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். பேத்தியின் பட்டமளிப்புக்குப் போய் மூன்றாம் வரிசையில் இருந்தேன். ஊரடங்குக் காலத்தில் சிட்னி முழுவதும் வீட்டுக்குள் இருந்தபோதும் செவ்வாய், வியாழன், சனி தவறாமல் போய்ப் படுத்தேன். டாக்டர் இப்போது புதிய நோயாளிகளிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்கிறார். என்னவென்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தால் நல்லதாகத்தான் இருக்கிறது.

கடந்த செப்டெம்பரோடு ஆறு ஆண்டுகள். முந்நூற்றுப் பதின்மூன்று வாரம். முன்பு நான் வெட்டிக்கொண்ட நாற்பது நிமிடத்தை இப்போது வாரத்தில் மூன்று முறை முழுதாகக் கொடுக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம். ஒருநாள் மட்டும் பிரிவில் தண்ணீர்க் குழாய் வெடித்து எல்லோரையும் நேரத்தோடு அனுப்பினார்கள். அந்த நாற்பது நிமிடத்தைக் கழித்துவிட வேண்டும். கழித்தால், அந்தப் பெண்ணால் எனக்கு ஏற்பட்ட மொத்தச் செலவு அறுநூற்று இருபத்தைந்து மணித்தியாலம், இருபது நிமிடம்.